மாத்திரை அட்டையும் மாயக் கட்டமும்

(மருந்தகங்களில் புகுந்துள்ள தொழில்நுட்பம் குறித்து, படிப்பகக் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மருந்துக் கடையில் கணிப்பொறி வந்துவிட்டது. கைப்பேசியில் மருந்து கேட்டால் வீட்டு வாயிலில் வந்து இறங்குகிறது. மருந்துப் பெட்டியின் மேல் கருப்பும் வெள்ளையுமாய் ஒரு கட்டம் அச்சிடப்பட்டிருக்கிறது. இவற்றால் ஏழைக்கு என்ன பயன் என்று பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். முப்பத்தோராண்டுக் காலம் அரசு மருத்துவமனைகளில் மருந்து வழங்கும் சன்னலுக்கு உட்புறம் நின்றவன் நான். ஓய்வு பெற்றபின், சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்குமாக மாத்திரை வாங்க, அதே சன்னலுக்கு வெளிப்புறம் வரிசையில் நிற்கிறேன். உள்ளே நின்ற நாளில் "சீக்கிரம், சீக்கிரம்" என்று பிறரை விரட்டிய குற்றத்துக்கு இப்பொழுது நாள்தோறும் தண்டனை பெற்று வருகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இரு புறமும் நின்று பார்த்ததில் எனக்கு விளங்கியது இது: மருந்தகத்தில் புகுந்த கருவி எதுவாயினும், அதன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கணக்கப்பிள்ளையின் பக்கமா? கடை முதலாளியின் பக்கமா? கையில் சீட்டுடன் நிற்கும் நோயாளியின் பக்கமா?

பழங்கதை ஒன்று சொல்கிறேன். எனக்கு முந்திய தலைமுறையில் 'கம்பவுண்டர்' என்று ஒருவர் இருந்தார். தண்ணீர் மருந்தைக் கலந்து, நோயாளி வீட்டிலிருந்து கொண்டு வந்த சீசாவில் ஊற்றிக் கொடுப்பார். அத்தோடு நில்லார். ஒரு காகிதத்தை நீள வாட்டில் மடித்து, கத்தரிக்கோலால் பல் பல்லாக வெட்டி, அந்தச் சீசாவின் பக்கத்தில் பசை தடவி ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளை. மருந்து முதல் பல்லிலிருந்து இரண்டாம் பல்லுக்கு இறங்கினால் ஒரு வேளை மருந்து உள்ளே போயிற்று என்று பொருள். எழுத்தறியாத மூதாட்டியும், கண் மங்கிய முதியவரும் அந்தக் காகிதத்தைத் தடவிப் பார்த்தே அளவு அறிந்தனர். மின்சாரம் இல்லை, திரை இல்லை. ஆனால் அதுவும் தொழில்நுட்பமே! அதன் முகம் நோயாளியின் பக்கம் திரும்பியிருந்தது.

ஆகவே அந்தக் காலமே பொற்காலம் என்று நான் பாடப் போகிறேனா? இல்லை, தோழர்களே. அந்தக் காலத்தின் இருட்டறையையும் நான் அறிவேன். 1986ஆம் ஆண்டு நான் பணியில் சேர்ந்தபோது, ஆயிரம் மாத்திரை கொண்ட தகர டப்பா வரும். உள்ளே எல்லாம் வெள்ளை வெள்ளையாய், ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாமல் கிடக்கும். மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பொடியாகும். எண்ணிப் பழைய காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். அந்தப் பொட்டலத்தில் மருந்தின் பெயரும் இராது, காலாவதித் தேதியும் இராது. நான் இருந்த மருத்துவமனை ஒன்றில் (ஊர்ப் பெயர் வேண்டாம்) ஒரு மார்ச்சு மாதத்தில், ஒதுக்கிய பணத்தைச் செலவழித்தாக வேண்டுமென்று, மூன்றாண்டுக்குப் போதுமான இருமல் மருந்து வந்து இறங்கிற்று. அதே வாரத்தில் நாய்க்கடிக்கு ஊசி மருந்து இல்லை. கடிபட்ட சிறுவனை அவன் தந்தை தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடினார். அலமாரியில் அடுக்கியிருந்த இருமல் மருந்துக் குப்பிகள் அனைத்தும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன, நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நிலையை மாற்றியது எது? 1994ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பதிவு செய்யப்பட்டு, 1995 சனவரியில் வேலை தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். கழகம் என்றதும் கட்சியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மருந்து வாங்கும் அரசு நிறுவனம். எந்த ஆட்சியில் தொடங்கியது, எந்த ஆட்சியில் வளர்ந்தது என்ற வழக்கையும் இந்த மேடையில் நடத்த வேண்டாம். ஆட்சிகள் மாறின, அமைப்பு நிலைத்தது. அதுவே அதன் தகுதிக்குச் சான்று.

அது செய்த வேலையைச் சற்று விளக்கமாகவே கூற விரும்புகிறேன். ஏனெனில் நம் தோழர்களிலேயே பலர் இதை அறியார். உலகச் சுகாதார நிறுவனம் 1977இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியல் ஒன்றை முதன்முதலாக வெளியிட்டது. சந்தையிலுள்ள ஆயிரமாயிரம் வணிகப் பெயர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, மக்களுக்கு உண்மையில் தேவைப்படும் சில நூறு மருந்துகளை, அவற்றின் மூலப் பெயரிலேயே வாங்குவது என்பது அதன் அடிப்படை. அந்த வழியில் பட்டியல் வகுத்து, மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரினர். ஆலையின் தகுதியைக் காட்டும் உறை தனி, விலையைக் காட்டும் உறை தனி. தகுதியில் தேறாதவரின் விலை உறை பிரிக்கப்படுவதே இல்லை. மருந்து வந்து மாவட்டக் கிடங்குகளில் இறங்கும். ஆனால் உடனே வெளியே போகாது! ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, எந்த ஆலையின் சரக்கு என்று தெரியாதபடி அடையாளம் மறைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவர். தேறிய பின்னரே கிடங்கின் கதவு திறக்கும்.

அடுத்து, பாஸ்புத்தகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும், ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு புத்தகம். இவ்வாண்டு உங்களுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புள்ள மருந்து என்று அதில் தொகை இருக்கும். மருந்து எடுக்க எடுக்கத் தொகை கழியும். எந்த மருந்து தேவை என்பதை அந்த ஊர் மருத்துவமனையே முடிவு செய்யும். சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் விளங்கக்கூடிய ஏற்பாடு! அதன் பின்னணியில் மாவட்டக் கிடங்குகளைச் சென்னையுடன் இணைத்த கணிப்பொறி. எந்த மாவட்டத்தில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, எது தீர்கிறது, எதன் காலம் முடியப் போகிறது என்பதெல்லாம் ஒரே இடத்தில் தெரிந்தன. இங்கே மிகுதியாகக் கிடப்பதை அங்கே அனுப்ப முடிந்தது. முந்திக் காலாவதியாவதை முந்தி வழங்க முடிந்தது. தகர டப்பா போயிற்று. மாத்திரை அட்டை வந்தது. அட்டையின் மேல் அரசு முத்திரையும், விற்பனைக்கு அன்று என்ற வாசகமும் வந்தன. மருத்துவமனையிலிருந்து கடைத்தெருவுக்குச் சுரங்கம் தோண்டியவர்களுக்கு அந்த ஒரு வரி அச்சு எவ்வளவு பெரிய இடி என்பதை உள்ளே இருந்தவன் என்ற முறையில் நான் அறிவேன்.

இம்முறையைப் பிற மாநிலங்களும் மேற்கொண்டன. கேரளம் 2007இல் இத்தகைய நிறுவனமொன்றைப் பதிவு செய்தது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2ஆம் நாள் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, இதே வழியில் கொள்முதல் நிறுவனம் அமைத்து, மருந்துக் கணக்குக்கெனத் தனி மென்பொருளும் புகுத்தியது. கணிப்பொறி எங்கும்தான் இருந்தது, தோழர்களே. நம் கிடங்கில் அதற்குள் இட்ட விதி வேறு. சோதித்த பின்னரே கொடு, தேவைக்கே வாங்கு என்ற விதியை மனிதர்கள் முதலில் வகுத்தனர். எந்திரம் அதை மறவாமல் காத்தது. விதியின்றி எந்திரத்தை மட்டும் வாங்கியிருந்தால், மூன்றாண்டு இருமல் மருந்துக்கு அழகான பட்டியல் ஒன்று அச்சாகி வந்திருக்கும், அவ்வளவே.

ஆனால் கிடங்கு வரை ஒளி வீசிய அந்த விளக்கு, சன்னல் வரை வந்ததா? ஓ.பி. சீட்டைக் கணிப்பொறியில் பதிகின்றனர். மாத்திரை எண்ணிக்கை கழிகிறது. கணக்கு மேலே போகிறது. சன்னலுக்கு இப்பால் நிற்கும் மூதாட்டிக்கு என்ன கிடைக்கிறது? நான்கு அட்டைகளும், "இது காலையிலே, இது ராத்திரி, இது சாப்பாட்டுக்கு முன்னே" என்று ஒரே மூச்சில் ஒரு வாசகமும். அட்டையின் மேல் இருப்பது ஆங்கிலம். வீடு சேர்வதற்குள் எது காலை, எது இரவு என்பது காற்றில் போய்விடும். ஆயிரம் பற்றுச்சீட்டு அச்சடிக்கும் அந்தக் கருவிக்கு, மருந்தின் பெயரையும், வேளையையும், உணவுக்கு முன்னா பின்னா என்பதையும் தமிழில் ஒரு துண்டுத் தாளில் அச்சடிக்கத் தெரியாதா? தெரியும். அடிக்கச் சொல்பவர் இல்லை.

இனித் தனியார் கடைக்கு வாருங்கள். 1948ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம், மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்குவது பதிவு பெற்ற மருந்தாளுநரின் பணி என்று விதிக்கிறது. பல கடைகளில் அவருடைய சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது, அவரைத்தான் காணோம்! முதலில் நிற்பவர் ஒரு பையன். நல்ல பையன், சுறுசுறுப்பானவன், ஆனால் மருந்தியல் படித்தவனல்லன். அவனுக்குத் துணை கணிப்பொறி. மருந்துப் பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டினால் பத்துப் பெயர்கள் வரிசையாய் வந்து நிற்கும். அடுத்தடுத்த வரிகளில் நோய் வேறு, மருந்து வேறு. விரல் ஒரு வரி தவறினால் போதும்.

பெயர் ஒற்றுமையின் கொடுமைக்கு மேல்நாட்டிலேயே சான்று உண்டு. அமெரிக்காவில் வயிற்றுப் புண்ணுக்கு 'லோசெக்' என்றொரு மருந்து வந்தது; உடலின் நீரை வெளியேற்றும் 'லாசிக்ஸ்' அங்கே முன்பே இருந்தது. கையெழுத்தில் ஒன்று மற்றொன்றாகப் படிக்கப்பட்டது. 1990இல் முன்னதன் பெயரையே 'பிரிலோசெக்' என்று மாற்ற வேண்டியதாயிற்று. கணிப்பொறி வந்ததால் கையெழுத்துக் குழப்பம் குறைந்தது உண்மை. அதன் இடத்தில் வரிசைக் குழப்பம் வந்தது, அதுவும் உண்மை.

எந்திரத்தின் நன்மையை மறைத்துப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. பாஸ்டன் நகரப் பெரிய மருத்துவமனை ஒன்றில், நோயாளியின் கைப்பட்டையிலும் மருந்திலும் பார்கோடு இட்டு, இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே செவிலியர் மருந்து கொடுக்கும் முறையை ஆராய்ந்தனர். 2010இல் வெளியான அந்த ஆய்வின்படி, நேரம் தவறுதல் நீங்கலான பிழைகள் நூற்றுக்கு 11.5 என்பதிலிருந்து 6.8 ஆகக் குறைந்தன. பெரிய வெற்றி; போற்றுகிறேன். அந்த 6.8ஐயும் நோக்குங்கள் என்றே கூறுகிறேன். மூட்டுவாத நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்றொரு மாத்திரை உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் உண்ண வேண்டியது. நாள்தோறும் உண்டால் உயிரையே குடிக்கும். சீட்டில் தவறு நேர்ந்தால், பார்கோடு மருந்து சரி என்று பச்சை விளக்குக் காட்டும். "அம்மா, இதை எந்தக் கிழமை சாப்பிடச் சொன்னார் டாக்டர்?" என்று கேட்கும் வாய், படித்த மருந்தாளுநரின் வாய். அந்த வாய்க்குச் சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போடும் முதலாளிக்கு, எந்திரம் எதற்குப் பயன்படுகிறது என்பது புரிகிறதல்லவா?

இப்பொழுது அந்த மாயக் கட்டத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து, அதிகம் விற்கும் 300 வணிகப் பெயர் மருந்துகளின் மேல் கியூ.ஆர். குறியீடு இருக்க வேண்டுமென்று மத்திய அரசு விதித்தது. கைப்பேசியைக் காட்டினால் மருந்தின் பெயர், செய்த ஆலை, தொகுதி எண், உரிம எண், செய்த நாள், காலாவதி நாள் எல்லாம் தெரியும். நல்ல ஏற்பாடு. போலி மருந்தைப் பிடிக்க உதவும். ஆனால் விதியிலேயே ஒரு வாசல் உண்டு: உள் உறையில் இடம் போதாவிடில் வெளிப் பெட்டியில் அச்சிடலாம். நம் மக்கள் பெட்டியாக வாங்குகிறார்களா? கூலி கிடைத்த நாளில் நான்கு மாத்திரை. கிடைக்காத நாளில் இரண்டு. கடைக்காரர் அட்டையைக் கத்தரிப்பார். பெட்டி கடையிலேயே இருக்கும். கட்டமும் பெட்டியோடு இருக்கும். அட்டையின் ஓரத்தில் அச்சிட்ட காலாவதித் தேதி ஒருவர் பங்குக்குப் போனால், அடுத்தவர் பங்குக்கு வெறும் வெள்ளித் தகடுதான். ஏழை வாங்கும் துண்டில் எந்தத் தொழில்நுட்பமும் ஒட்டுவதில்லை!

சரி, முழுப் பெட்டியே வாங்கினோம், கட்டத்தையும் பார்த்தோம் என்றே வைத்துக்கொள்வோம். அது எதைச் சொல்லும்? செய்தவர் யார் என்று சொல்லும். உள்ளே இருப்பது என்ன என்று சொல்லுமா?

2025ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் திங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் சிறு குழந்தைகள், சளிக்குக் கொடுத்த 'கோல்ட்ரிஃப்' என்ற மருந்தைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். இருபதுக்கு மேற்பட்ட பிஞ்சு உயிர்கள்! அந்த மருந்து எங்கே செய்யப்பட்டது? வேறெங்கோ அன்று, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. இருக்கத்தக்க எல்லை 0.1 பங்கு. விற்பனை தடை செய்யப்பட்டது. ஆலையின் உரிமம் அந்த அக்டோபரிலேயே பறிக்கப்பட்டது. மாண்டவர் மாண்டனரே!

அந்த நஞ்சு எப்படி மருந்தில் ஏறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் மருந்தில் சரக்கைக் கரைக்கப் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவம் சேர்ப்பர். அதைப் போலவே நிறமற்று, இனிப்பாய், விலை மலிவாய் இருப்பது இந்த நஞ்சு, தொழிற்சாலைச் சரக்கு. பீப்பாய் மாறினாலும், கலப்படம் நேர்ந்தாலும் நாக்கும் கண்ணும் கண்டுபிடிக்கா. வாயு நிறப்பிரிகை என்ற சோதனை கண்டுபிடிக்கும். புதிய அறிவா இது? 1937இல் அமெரிக்காவில் இதே நஞ்சு நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதன் விளைவாக அடுத்த ஆண்டே அங்கே புதிய சட்டம் வந்தது. 1970களின் தொடக்கத்தில் நம் சென்னையிலேயே குழந்தைகள் இதற்குப் பலியாயினர். 2022இல் காம்பியா நாட்டில் அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் சாவு, இந்தியாவிலிருந்து சென்ற தண்ணீர் மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்டது. சோதனைக் கருவி இருந்தது. சோதிக்க வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை.

ஒரு குப்பியின் மேல் எத்தனைக் கட்டம் அச்சிட்டால் என்ன, பீப்பாயைத் திறந்து பார்க்காதபோது? அரசு மருத்துவமனை மருந்தில் ஒவ்வொரு தொகுதியும் சோதனைக்குப் பின் வெளியே போகிறது என்று சற்று முன் கூறினேன். கடைத்தெருவுக்குச் செல்லும் மருந்துக்கு அத்தகைய காவல் இல்லை. ஆய்வாளர் எடுக்கும் மாதிரிதான் காவல். பணம் கொடுத்து வாங்கும் மருந்துக்கு, இலவசமாக வாங்கும் மருந்தைவிடக் காவல் குறைவு! குழந்தைகளின் தண்ணீர் மருந்துக்கேனும், ஒவ்வொரு தொகுதியின் சோதனை முடிவும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே தெரிய வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். கட்டத்தில் இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

கைப்பேசி வழி மருந்து விற்பனை பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு அதற்கு வரைவு விதிகளை வெளியிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விதிகள் வரும்வரை அவ்விற்பனை கூடாதென்றார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. படுக்கையில் கிடப்பவருக்கு வீட்டு வாயிலில் மருந்து வருவதை நான் குறை கூறேன். என் கவலை வேறு. மூலைக் கடைக்காரருக்கு என் நோய் தெரியும். அவரை எனக்கும் தெரியும். நூறு காதம் அப்பாலுள்ள நிறுவனத்துக்கு, எந்தத் தெருவில் எந்த வீட்டில் யாருக்குக் காசநோய், யாருக்கு மனநோய் என்பது தெரியும். அது யாரென்று நமக்குத் தெரியாது. மருந்துச் சீட்டு விற்பனைச் சரக்காகும் நாளில் தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் அது மலிவன்று.

தோழர்களே! ஊர்வலமும் தீர்மானமும் ஒருபுறம் இருக்கட்டும். மருந்தாளுநர் இடங்களைக் காலியாக வைக்காதே, சன்னலில் தமிழ்த் துண்டுத் தாள் கொடு, தொகுதிச் சோதனை முடிவை வெளியிடு என்று கேட்டு நான் எழுதிய விண்ணப்பம் இந்த மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, உடன்பாடு உள்ளோர் ஒப்பமிடுங்கள். இன்னொரு வேலையும் உண்டு. வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு இந்தப் படிப்பகத்தில் நானும், கல்லூரியில் மருந்தியல் பயிலும் இரண்டு பிள்ளைகளும் உட்காருகிறோம். உங்கள் தெருவிலுள்ள முதியவர்களை வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள்; கத்தரித்த துண்டாயினும் சரி, சீட்டையும் மறவாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். காலாவதியானதைப் பிரித்து வைப்போம். மற்றவற்றின் மேல் தாள் ஒட்டித் தமிழில் எழுதுவோம். படிக்கத் தெரியாதவருக்குக் காலைக்கு ஒரு சூரியனும் இரவுக்கு ஒரு பிறையும் வரைந்து கொடுப்போம். எனக்குப் படம் வரைய வராது. வரையத் தெரிந்த தோழர்கள் இரண்டு பேர் வேண்டும். பசையும் கத்தரிக்கோலும் நான் கொண்டு வருகிறேன்.